சேர் எங்களைக் கூட்டிப்போன சேனை

புவியியல் சேர் காலமான செய்தி மாசி மாதம் எங்கள் வகுப்புக் குழுவில் வந்தது. லண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ என்று சிதறிப்போன எல்லாரும் அன்று விடியும்வரை எழுதினார்கள். சிலர் அவருடைய பிரம்பைப் பற்றி, சிலர் திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் அவர் ஊதிய விசிலைப் பற்றி. நான் சொல்ல நினைத்தது வட்சப்பில் அடங்காது. அதனால்தான் இந்த மலருக்கு எழுதச் சொல்லி மலர்க் குழு கேட்டவுடன் சரி என்றேன்.

உயர்தரத்தில் ஒரு அங்குல இடவிளக்கப்படத்தை விரித்து நிறம் அடித்தது நினைவிருக்கும். வகுப்பில் நிறம் அடித்தால் போதும் என்று சேர் விடவில்லை. ஞாயிறு காலை மூதூர் லோஞ்சில் ஏற்றி, அங்கிருந்து பஸ்ஸில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் கூட்டிப்போய், வெயிலில் நடக்க வைத்தார். தாளில் பற்றைக்காடு என்று குறித்திருந்த ஓரிடத்தில் ஒரு பெரியவர் கத்தியோடு நின்றார். சேர் அவருக்கு வெற்றிலை கொடுத்து, எங்களைச் சுற்றி இருக்கச் சொன்னார்.

"இது நான் வெட்டின சேனைதான் தம்பி. இப்ப விட்டிருக்கன். மரம் தொடையளவு பருக்கோணும், அதுக்குப் பிறகுதான் திரும்ப வெட்டலாம்" என்றார் பெரியவர். காட்டை வெட்டி எரித்துப் பயிரிட்டு, பிறகு மரம் வளர விட்டுவிடும் நிலம்தான் சேனை. ஆனி, ஆடியில் வெட்டிக் காயவிடுவது, ஆவணிக் கடைசியில் எரிப்பது, ஐப்பசி மழையோடு குரக்கனும் சோளமும் போடுவது, பன்றிக்கும் யானைக்கும் பரணில் கண் விழிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பழத்துக்காகவும் தேனுக்காகவும் பாலை மரங்களை வெட்டாமல் விட்டிருந்தார். எந்தத் துண்டு யாருடைய தகப்பன் வெட்டியது, அடுத்து எது யாருக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தாளில் அதில் ஒரு எழுத்தும் இல்லை.

திரும்பும்போது லோஞ்சில் சேர் சொன்னார்: "படம் கீறினவர் இந்த மனிசனைக் கேட்கயில்லை. நீங்கள் கேட்டுப்போட்டு நிறம் அடியுங்கோ."

அடுத்த கிழமை பிரித்தானியர் கொண்டுவந்த 1840 ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தைப் படிப்பித்தார். காடும், பயிரிடாத நிலமும், வேறொருவருடையது என்று நிரூபிக்கும்வரை முடிக்குரியவை என்றது அந்தச் சட்டம். சில ஆண்டு விட்டுவிட்டு வெட்டும் சேனைகளையும் அதே கணக்கில் சேர்த்தது. வரலாற்று வகுப்பில் அதை மனப்பாடம் செய்திருந்தோம். அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது யாரைப் பற்றிய சட்டம் என்று விளங்கியது.

என் தொழில் அந்த ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கியது என்றே நான் நம்புகிறேன். வெப்பமண்டல நாடுகளில் காடு எப்படி மாறுகிறது, அதை நம்பியிருக்கும் கிராமங்கள் எதைக் கொண்டு வாழ்கின்றன என்பதே என் ஆய்வு. முதல் லாண்ட்சாட் செய்மதி 1972 இல் ஏவப்பட்டது. 2008 இலிருந்து அந்த வரிசைச் செய்மதிகளின் படங்கள் எல்லாருக்கும் இலவசம். இப்போதைய படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றர் சதுரம். அங்கே மரம் நிற்கிறதா என்பதைப் படம் சொல்லிவிடும், யார் ஏன் நட்டார் என்பதைச் சொல்லாது. சுமாத்திராவின் ஜம்பியில் நெல் விதைத்த சேனைக்குள்ளேயே இறப்பர்க் கன்றையும் நட்டு விடுவார்கள். இருபது, முப்பது ஆண்டில் காட்டு மரமும் பழமரமும் கலந்து வளர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் காடு, கீழே அது ஒரு குடும்பத்தின் தோட்டம். மேற்கு ஆபிரிக்காவின் கினியில், கிசிடூகூ கிராமங்களைச் சுற்றி நிற்கும் காட்டுத் துண்டுகளை அழிந்த பெருங்காட்டின் மிச்சம் என்று அதிகாரிகள் பல காலம் நினைத்தார்கள். 1990களில் பழைய வான்படங்களோடு முதியவர்களையும் கேட்டபோது, பலவற்றை வளர்த்தது கிராமத்தவர்களே என்று தெரிந்தது. 24 நாடுகளில் ஏறக்குறைய 8,000 குடும்பங்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், அவர்களின் வருமானத்தில் ஐந்திலொன்றுக்கு மேல் காட்டிலிருந்து வந்தது. இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு சேரின் குரல் கேட்கும்.

நான் 1984 இல் வெளிக்கிட்டேன். அதே ஆண்டு எங்கள் மாவட்டத்துத் தென்னமரவடிக் கிராம மக்களும் வெளிக்கிட்டார்கள்; நான் படிக்க, அவர்கள் உயிரைக் காக்க. போர் முடிந்து திரும்பியவர்களில் பலர் எங்கள் மாவட்டத்தில் தங்கள் வயலில் மரம் வளர்ந்து நிற்பதைக் கண்டார்கள். அந்த மரங்களின் வயதும் அவர்கள் ஊரில் இல்லாத காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். படத்தில் அது இப்போது காடு. காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1956 வான்படங்களின்படி நாட்டில் 44 வீதம் காடு இருந்தது. அதன் பிறகு எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேளாமல் அடித்த பச்சை நிறத்தை என்னால் ஏற்க முடியாது.

சேர் கற்றுத் தந்ததை ஜம்பிக்கும் ஆபிரிக்காவுக்கும் கொண்டுபோனேன். ஈச்சிலம்பற்றுக்கும் திரியாய்க்கும் கொண்டுபோகவில்லை. அங்கே அதைச் செய்ய அந்த ஊர் மொழி தெரிந்த ஆள் வேண்டியிருந்த ஆண்டுகளில் நான் வேறு நாட்டில் மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். இது என்னை விட்டுப் போகவில்லை.

நண்பர்களே, ஊர் மக்களைக் கேட்டுக் கீறும் படத்தை சேர் ஒவ்வொருவரையும் இரண்டு பிரதி வரையச் சொல்வார், ஒன்று அவருக்கு, ஒன்று எங்களுக்கு. அவரிடம் இருந்தவை இடம்பெயர்வில் போய்விட்டன. மாணவன் கீறிய தாள் காணி உறுதி ஆகாதுதான். ஆனால் பழைய வான்படத்தின் பக்கத்தில் வைத்தால், அதில் தெரியும் துண்டு எவருடைய வயல், எவருடைய சேனை என்று அது சொல்லும். எண்பதுகளுக்கு முன் நீங்கள் கீறிய படம் எந்தப் பெட்டியில் கிடந்தாலும் தேடி எடுங்கள். மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் படம் பிடித்து, கிராமத்தின் பெயரோடு மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். சேர்த்து ஒழுங்குபடுத்தும் வேலையை நான் செய்கிறேன்.