பாசி எடுக்கும் தெருவுக்கு வந்த டீச்சர்

நம் பள்ளியின் சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தில் கேட்டதும் டீச்சர் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது. பெயர் எழுதத் தேவையில்லை. பாம்பனில் நம்மோடு படித்தவர்களுக்கு 'டீச்சர்' என்றாலே அவர்தான்.

1978இல் வேலைக்கு வந்தபோது அவருக்கு 22 வயது. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் வளர்ந்தவர். வேலைக்கு வருகிறவரை கடலைப் பார்த்ததே இல்லை என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் தீவுக்கு ஆர்டர் வந்தால் தண்டனை என்றுதான் நினைப்பார்கள். வந்து சேர்ந்த வாரமே மாறுதலுக்கு மனு எழுதியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில். அதற்கு முன்னால் ரயிலை விட்டால் படகு, அவ்வளவுதான்.

டீச்சரும் முதலில் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் ஊரில் உறவினர் வீட்டில் தங்கி ரயிலில்தான் வந்து போனார். காற்று பலமாக அடித்தால் பாலத்தில் ரயிலை விடமாட்டார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி பாசஞ்சரையே கடல் கொண்டுபோன ஊர் இது. அந்தக் காற்றில் படகும் ஓடாது. அதனால் வாடைக் காலத்தில் பாதி ஆசிரியர்கள் வந்து சேர முடியாது, பிள்ளைகள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். முதல் வாடை முடிந்ததும் டீச்சர் எங்கள் தெருவில் ஓர் அறை வாடகைக்குக் கேட்டு வந்தாராம். "காத்து அடிக்கிற அன்னைக்கும் புள்ளைங்க இங்கதானே இருக்குது?" என்று கேட்டதாக அம்மா சொல்லுவார்.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1980இல். அப்பா வல்லத்தில், அதாவது மீன்பிடிப் படகில், கூலிக்குப் போவார், அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, இடுப்பில் பையுடன் மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்க வேண்டும். அந்தத் துணியையும் தாண்டிப் பாறை கிழிக்கும். சாயங்காலம் அம்மா சோறு பிசையும்போது உப்பும் காரமும் பட்டு முகம் சுளிப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தம்பி பிறந்தான். கொஞ்ச நாளில் அம்மா மறுபடி கடலுக்குப் போனார், நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன்.

நான்காம் நாள் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்.

"தம்பியப் பாக்க ஆள் இல்லையே டீச்சரம்மா, நான் என்ன செய்ய?" என்றார் அம்மா.

"அவனையும் தூக்கிட்டு வரட்டும் அக்கா."

அப்படியே தூக்கிப் போனேன். டீச்சர் தன் பழைய நூல்சேலை ஒன்றை நான்காக மடித்து மேசைக்கு அடியில் விரித்தார். தம்பி அதில் தூங்குவான். சிணுங்கினால் டீச்சர் பாடத்தை நிறுத்தாமலே காலால் மெல்லத் தட்டிக் கொடுப்பார். எங்கள் தெருவில் என்னைப் போல இன்னும் மூன்று பெண்பிள்ளைகள் அதற்கப்புறம் கைக்குழந்தையோடு வந்தார்கள். 1982இல் சத்துணவு வந்தபோது வருகை இன்னும் கூடியது.

ஒரு நாள் கரும்பலகையில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று மூன்று பெயர்களை எழுதினார். அம்மா வாயில் தினமும் வருகிற பெயர்கள். அவற்றை எழுத்தில் நான் பார்த்தது அன்றுதான். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுப்பார்கள், ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை அதில்தான் வளர்ப்பார்கள் என்று சொன்னார். வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "நம்ம பாசியா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பின்னக் கணக்கும் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. விடியற்காலையில் டீச்சர் கரைக்குப் போய், மீன் விற்ற காசில் செலவைக் கழித்து வல்லத்துக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி பங்கு பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக்கொள்வார். அன்றைய பங்குதான் அன்றைய கணக்கு. தம் அப்பாவுக்கு வரவேண்டியதைத் தப்பாகப் போடப் பிள்ளைகளுக்கு மனசு வராது.

இதற்கு நடுவே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தார், பிறகு பி.எட். பதவி உயர்வு வந்தது. அதே மண்டபம் ஒன்றியம்தான், ஆனால் இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சம்பளத்திலும் சீனியாரிட்டியிலும் அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நானும் ஆசிரியையான பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சமயத்தில் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று பேசியவர்கள் உண்டு, எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. பல வருடம் கழித்து நம் பள்ளியிலேயே தலைமையாசிரியர் இடம் காலியானது. அந்த நாற்காலியிலிருந்துதான் 2014இல் ஓய்வு பெற்றார்.

அதற்குப் பிறகும் டீச்சர் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. போன வருடம் சிங்கப்பூரிலிருந்து போனபோது புது ரயில் பாலத்தைத் தாண்டி நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். திண்ணையில் அம்மாவும் அவரும் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மிளகாய்க் காட்டுப் பெண் நெத்திலியை நகத்தாலேயே கிள்ளிச் சுத்தம் செய்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும்.

"தம்பி எங்க இருக்கான்?" என்பதுதான் டீச்சரின் முதல் கேள்வி. கத்தாரில் என்றேன்.

"அந்த மேசை இன்னும் ஆறாம் வகுப்புல கிடக்கு. வந்தான்னா கூட்டிட்டுப் போய்க் காட்டணும்" என்றார்.