சுழியோட முதல்

நிலாவெளி, புறாமலைப் பக்கம் மூச்சடக்கிச் சுழியோடுற ஆக்கள் இறங்க முதல் வேகவேகமா மூச்சு விடாதீங்கோ. இரத்தத்தில ஒட்சிசன் ஏற்கெனவே 97, 98% நிரம்பித்தான் இருக்கு. அப்பிடி விட்டாக் குறையிறது காபனீரொட்சைட்டு.

'மூச்சு எடு' எண்டு உந்துறதே அதுதான். மூளைய முண்ணாண் பாய்பொருளில (மூளையையும் முண்ணாணையும் சுத்தியிருக்கிற நீர்) கரைஞ்சு, சாதாரணமா 7.3 அளவில நிக்கிற பீஎச்சைக் குறைக்கும், அதாவது அமிலத்தன்மையைக் கூட்டும். மூளையின்ர அடியில, மூச்சைக் கட்டுப்படுத்திற நீள்வளைய மையவிழையம் உடன உணரும். அந்தப் பாய்பொருளில புரதம் நல்லாக் குறைவு, அமிலத்தைத் தாங்காது, அதாலதான் இவ்வளவு கூருணர்வு.

காபனீரொட்சைட்டை முதலே வெளியேத்தினா மூச்செடுக்கச் சொல்லுற உந்தல் பிந்தும். அதுக்குள்ள ஒட்சிசன் தீர்ந்திடும். மேல வரேக்க தண்ணியின்ர அழுத்தமும் குறைய, கடைசி சில மீற்றரில நினைவு தப்பும். ஒராள் கீழ போனா மற்றாள் மேல நிண்டு பாருங்கோ. வந்தாப் பிறகும் அரை நிமிசம் கண்ணெடுக்காதீங்கோ.