பனிக்காளானும் பாட்டியின் புற்றும்

பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தையில் பிளாஸ்டிக் பொட்டலத்தில் விற்கும் எனோக்கிக் காளானை நாமெல்லாரும் மேசையிலேயே கொதிக்கும் ஸ்டீம்போட் சட்டியில் போட்டிருக்கிறோம். நூல் நூலாக வெண்தண்டு, குண்டூசித் தலை. பண்ணையில் இருட்டிலும் குளிரிலும் கரியமில வாயு மிகுந்த காற்றிலும் வளர்ப்பதால்தான் அது அப்படி வெளுத்து நீள்கிறது என்பதையும், அதன் நெருங்கிய காட்டு உறவு ஆரஞ்சும் பழுப்புமாகக் குட்டையாக இருக்கும் என்பதையும், இங்கிலாந்தில் இருக்கும் மகளைப் பார்க்கச் சென்ற டிசம்பர் மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பினாங்கின் கொடிமலை உச்சிக்குப் போனாலே சால்வையைத் தேடுகிறவள் நான். அங்கே 2 டிகிரிக் குளிரில், இலை உதிர்ந்து நின்ற மரங்களுக்கிடையே மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். செத்து விழுந்திருந்த எல்ம் மரமொன்றில் கொத்தாக முளைத்திருந்த அந்தக் காளான்களின் குடைகள் சர்க்கரைப் பாகு தடவியவைபோல் பிசுபிசுத்தன. தண்டு மேலே வெளிறியும், அடிப்பக்கம் கரும்பழுப்பு வெல்வெட்டாகவும் இருந்தது. மற்ற காளான்கள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும் காலத்தில் முளைக்கும் இது, பனியில் விறைத்துப்போனாலும் இளகியதும் மறுபடி வித்துத்தூளை உதிர்க்கத் தொடங்கிவிடுமாம்.

ஆனால் அதே போன்ற உளுத்த கட்டைகளில் கலெரினா என்ற பழுப்புக் காளானும் முளைக்கும். அதிலுள்ள அமடாக்சின் நஞ்சை எவ்வளவு வேகவைத்தாலும் போக்க முடியாது. தின்றவருக்கு 6 மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றுமே தெரியாமல் இருந்து, பிறகு வாந்தியும் பேதியும் வந்து, அது சற்று அடங்கிப் பிழைத்துவிட்டோம் என்று எண்ணும் வேளையில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதன் தண்டில் மெல்லிய வளையம் இருக்கும் என்றாலும் அது உதிர்ந்துபோவதும் உண்டு என்பதால், மகள் வளையத்தை மட்டும் நம்புவதில்லை.

அன்றிரவு கறுப்புத் தாளையும் வெள்ளைத் தாளையும் ஒட்டி, அவை சேருமிடத்தில் ஒரு குடையை, அடிப்புறத்து மெல்லிய மடிப்புகளான செதில்கள் கீழே இருக்கும்படி வைத்து, மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தாள். கலெரினாவாக இருந்தால் துருப்பிடித்த பழுப்பில் தூள் விழும். விடிந்ததும் குவளையை எடுத்துப் பார்த்தோம். கறுப்புத் தாளில் மாக்கோலம் இழுத்ததுபோல் வெண்கோடுகள், நடுவிலிருந்து விரிந்து, அத்தனை நுணுக்கமாக விழுந்திருந்தன. வெள்ளைத் தாளில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

பினாங்கிலிருந்த அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, இத்தனை பாடு எதற்கு, ஒரு பல் பூண்டைச் சேர்த்து வேகவைத்து, அது கறுக்கிறதா என்று பார்த்தால் போதாதா என்று கேட்டார். அந்தப் பூண்டுச் சோதனையால் நான் பட்டது அவருக்கு மறந்துவிட்டது போலும். இருபது ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் தாமான் குடியிருப்பின் புல்வெளியில், மழைக்கு மறுநாள் முளைத்த பெரிய வெள்ளைக் குடைகளைப் பறித்துப் பூண்டோடு வேகவைத்தேன். பூண்டு கறுக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் தொடங்கிய வாந்தி, மருத்துவமனையில் டிரிப் ஏற்றிய பிறகுதான் நின்றது. அது முதிர்ந்தால் செதில் பச்சையாக மாறுகிற, பச்சைத் தூள் உதிர்க்கிற காளான் என்று பின்னால்தான் அறிந்தேன்.

அம்மாவின் நம்பிக்கைக்குக் காரணம் பாட்டி. செபராங் பிறையில் பால்மரத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வாழ்ந்த பாட்டி, காளான் குழம்பில் எப்போதும் பூண்டு போட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் பறித்தது கறையான் புற்றுக் காளான் ஒன்றை மட்டுமே. கறையான்கள் புற்றுக்குள் தம் உணவுக்காக வளர்க்கும் பூஞ்சையிலிருந்து, பெருமழைக்குப் பின் மண்ணைத் துளைத்துக்கொண்டு வருவது அது. குடையின் நடுவில் கூர்முனை இருக்கும். தண்டு நீண்ட வேர்போல் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். அந்த வேர் முழுதாக வராவிட்டால் பாட்டி கூடையில் போடமாட்டார். குடும்பத்தைக் காத்தது அந்த வேர்தான்; பேரைத் தட்டிக்கொண்டு போனது பூண்டு.

மகள் குடைகளின் பிசுபிசுப்புத் தோலை உரித்து, நார்போன்ற தண்டுகளை எறிந்துவிட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்து நன்றாக வதக்கினாள். முதல் நாள் ஆளுக்கு இரண்டு மட்டும் தின்றோம். ஏதேனும் ஆனால் மருத்துவரிடம் காட்டுவதற்காக ஒன்றைச் சமைக்காமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். சுவை நன்றாகவே இருந்தது, புற்றுக் காளானுக்கு ஈடில்லை என்றாலும்.

அந்தக் கறுப்புத் தாளைப் புத்தகத்துக்குள் வைத்துப் பினாங்குக்குக் கொண்டுவந்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“கோலம் நல்லாத்தான் இருக்கு. புற்று எங்க இருந்துச்சு?”