நான்காவது ஸ்கிரீனில் கண் திறந்த வேடியப்பன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முதல் துணிப்பை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் பிரிண்ட் ஆகி வந்தது. பெரியப்பா அதை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நெஞ்சுல அம்பு தைச்சிருக்கறது தெரியுதுடா" என்றார். இதே படத்தின் முந்தைய மூன்று பிரிண்டுகளில் அவருக்குத் தெரிந்தது ஒரு கறுப்புத் திட்டுதான். மூன்று ஸ்கிரீன் (மை இறங்கும் வலைத்துணியைக் கட்டிய சட்டம்), இரண்டு மாதம், கிட்டத்தட்ட நாலு மீட்டர் காடா துணி போன பிறகு கிடைத்த வார்த்தை அது.

விஷயம் இதுதான். எங்கள் குலதெய்வம் வேடியப்பன். பாலக்கோடு பக்கம் ஒரு புளியமரத்தடியில் இருக்கும் நடுகல். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நடுகற்களை வேடியப்பன் என்று கும்பிடும் வழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. ஆடி மாதப் பூசைக்கு வரும் சொந்தக்காரர்களுக்குப் பிரசாதம் போட்டுக் கொடுக்க 60 துணிப்பை. அதில் சாமியின் படமாகக் கல்லையே, நிழலும் வெளிச்சமுமாகப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. கோட்டுப் படமாக வரைந்து போட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் கோடு போட்டால் அது வேறு யாரோ வரைந்த வீரன். எனக்கு எங்கள் கல் வேண்டும்.

தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் போட்டோ எடுத்தால் நல்ல சாம்பல் நிறம், நிழலைச் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாக மாற்றும் ஹாஃப்டோனுக்கு லட்டு மாதிரி. பூசையில் இருக்கும் கல் அப்படி இல்லை. வருஷக்கணக்கில் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கிறது, அதன் மேல் மஞ்சள், அதன் மேல் குங்குமம். மேல்பக்கம் எண்ணெய் பளபளப்பில் வெள்ளை வெள்ளையாகத் தெறிக்கும், கீழ்ப்பக்கம் முழுக்க இருட்டு. பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, அபிஷேகத்துக்கு முன்னால் காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தேன். செதுக்கின மேடு பள்ளம் அந்த வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கிறது.

கறுப்பு வெள்ளை ஆக்கும்போது ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். போட்டோஷாப்பில் நேராக கிரேஸ்கேல் கொடுக்காமல் சேனல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நீலச் சேனலில் மஞ்சள் கறுத்துப் போய்க் கல்லோடு கலந்துவிடுகிறது. சிவப்புச் சேனலில் மஞ்சளும் வெளுப்பு, குங்குமமும் வெளுப்பு, பொட்டே காணோம். பச்சைச் சேனலில் மட்டும் வெளுத்த மஞ்சளுக்கு நடுவே குங்குமப் பொட்டு கறுப்பாக நின்றது. அதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஸ்கிரீனில் இருக்கும் வலைத்துணிதான் மெஷ். அதில் வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷனைப் பூசி, படம் அச்சிட்ட ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவினால், ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் திறந்துகொள்ளும், மை அந்த வழியாகத் துணியில் இறங்கும். முதல் ஸ்கிரீன் என் பேராசையால் போனது. 77டி மெஷ்ஷில், அதாவது அங்குலத்துக்கு 195 இழை, 55 எல்பிஐ, அதாவது அங்குலத்துக்கு 55 புள்ளி வரிசை வைத்தேன். புள்ளி சிறியதாக இருந்தால் படம் நுணுக்கமாக வரும் என்று எண்ணம். கணக்குப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 55 எல்பிஐயில் 5 சதவீதப் புள்ளியின் (தன் கட்டத்தில் 5 சதவீதத்தை மட்டும் நிரப்பும் புள்ளி) விட்டம் 0.12 மில்லிமீட்டர்கூட இல்லை. 77டி மெஷ்ஷில் ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் உள்ள தூரமே 0.13. இழை மேலே உட்கார்ந்த புள்ளிக்கு மை போக வழியே இல்லை. வீரனின் நெற்றி வெளிச்சம் முழுக்கச் சொட்டை சொட்டையாக வந்தது. 35 எல்பிஐக்கு இறங்கினால் அதே 5 சதவீதப் புள்ளி 0.18 ஆகிறது, எங்கே விழுந்தாலும் மெஷ்ஷின் ஏதாவது ஒரு கண்ணாவது திறந்திருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல்) லேசர் பிரிண்டரில் 55 எல்பிஐ போட்டால் கிடைப்பது சுமார் 119 சாம்பல் படிகள்தான். 35க்கு 256ஐயும் தாண்டிவிடுகிறது. காடா துணியின் முரட்டு நெசவுக்கு 35 போதும். ஒரு கை தூரத்தில் பிடித்தால் கண் புள்ளியைச் சேர்த்துக்கொள்கிறது.

இரண்டாவது ஸ்கிரீன்தான் என்னை ரொம்ப அலைக்கழித்தது. படம் முழுக்கக் குறுக்கே அலை. தண்ணீரில் கல் போட்ட மாதிரி மெல்லிய பட்டைகள். மெஷ்ஷும் புள்ளி வரிசையும் மோதினால் இப்படி வரும் என்பது இந்த வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். புள்ளி வரிசையின் சாய்வுக்கு 45 டிகிரியை விட்டு 22.5 வைத்தால் அடங்கும் என்பதும் தெரியும். நான் 22.5 தான் வைத்திருந்தேன். மரச் சட்டத்தில் கையால் இழுத்துக் கட்டிய மெஷ், கோணலாகியிருக்கும் என்று நினைத்து அவிழ்த்து மறுபடி கட்டினேன். அலை போகவில்லை. எமல்ஷனை மாற்றினேன். போகவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் ஃபிலிமை மெஷ்ஷிலிருந்து தனியாக எடுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். அலை ஃபிலிமிலேயே இருந்தது! நகை பார்க்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் ஒரு வரிசை முழு உருண்டை, நாலைந்து வரிசை தள்ளி ஓரம் கடித்த உருண்டை. ஸ்கேல் வைத்து அளந்தேன். 200 மில்லிமீட்டர் அகலம் வர வேண்டிய படம் 194தான் இருந்தது. பிரிண்ட் எடுத்த டிடிபி கடைக்குப் போய்க் கேட்டேன். "பேப்பருக்குள்ள அடங்கணும்லண்ணா, அதான் ஃபிட் டு பேஜ் வெச்சேன்" என்றான் அந்தத் தம்பி. 97 சதவீதத்துக்குச் சுருக்கினால் முப்பத்துமூன்று பிக்சலுக்கு ஒன்றைப் பிரிண்டர் விழுங்கிவிடும். போட்டோவில் அது யார் கண்ணுக்கும் படாது. கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நிலை உள்ள புள்ளிப் படத்தில் அது ஒவ்வொரு புள்ளியையும் வேறு வேறு மாதிரி கடித்து வைக்கும்.

அதிலிருந்து எந்த ஆர்ட்வொர்க் செய்தாலும் ஓரத்தில் சரியாக 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுவிடுகிறேன். ஃபிலிம் கையில் வந்ததும் முதலில் அந்தக் கோட்டை அளக்கிறேன். நூறு இல்லையென்றால் கடையை விட்டு நகர்வதில்லை. அப்புறம் ஃபிலிமை மெஷ் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே மெதுவாகத் திருப்பிப் பார்க்கிறேன். அலை பெருத்து, சிறுத்து, ஓரிடத்தில் சுத்தமாக மறையும். என் சட்டத்தில் அது 22.5க்கு ஒன்றரை டிகிரி தள்ளி இருந்தது. அங்கேயே பென்சிலால் குறித்துக்கொண்டு டேப் போட்டு ஒட்டிவிடுகிறேன். பட்டர் ஷீட் என்னும் வெளிச்சம் ஊடுருவும் தாளில் கறுப்பு போதவில்லை என்று இரண்டு ஷீட்டை ஒன்றன் மேல் ஒன்று வைப்பவர்கள் உண்டு. எழுத்துக்குச் சரி. புள்ளிக்கு அது ஆகாது. டோனர் சூட்டில் ஒவ்வொரு ஷீட்டும் ஒவ்வொரு அளவு சுருங்குகிறது, புள்ளி மேல் புள்ளி உட்காராது. நான் சேலத்தில் இங்க்ஜெட் ஃபிலிம் வாங்க ஆரம்பித்துவிட்டேன். விலை அதிகம், ஆனால் கறுப்பு கறுப்பாக இருக்கிறது.

மூன்றாவது ஸ்கிரீனில் அலை இல்லை, நெற்றியும் வந்தது. ஆனால் இடுப்புக்குக் கீழே எல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பு. மானிட்டரில் அவ்வளவு அழகாக இருந்த படம். இங்கேதான் நான் இந்த வேலையின் அசல் பாடத்தைப் படித்தேன் என்று சொல்வேன். மானிட்டரில் அழகாகத் தெரியும் படம் துணியில் கெட்டுத்தான் போகும். மை துணியில் பரவும், புள்ளி கொழுக்கும். எவ்வளவு கொழுக்கும் என்பது உங்கள் மை, உங்கள் துணி, உங்கள் கை அழுத்தம் மூன்றும் சேர்ந்து சொல்ல வேண்டியது. அதைச் சரிக்கட்ட அடுத்தவர் கொடுக்கும் கர்வ், அதாவது துணியில் எவ்வளவு வர ஃபிலிமில் எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கு, உங்களுக்கு உதவாது.

அதனால் ஒரு முழு ஸ்கிரீனைச் சோதனைக்கென்றே செலவழித்தேன். 10 சதவீதத்திலிருந்து 90 வரை ஒன்பது கட்டம், ஒவ்வொன்றும் ஒரு அங்குலம். பைக்குப் போடப்போகும் அதே காடா, அதே கறுப்பு பிக்மென்ட், அதைத் துணியில் ஒட்டவைக்கும் அதே பைண்டர், மையை இழுக்கும் அதே ஸ்க்வீஜி. நன்றாகக் காய்ந்த பிறகு துணியைப் பழைய ஃபிளாட்பெட் ஸ்கேனரில் வைத்து ஸ்கேன் செய்தேன். காடாவின் மங்கல் நிறம் கணக்கில் சேராமல் இருக்க த்ரெஷோல்ட் போட்டு மை, துணி என்று இரண்டாகப் பிரித்தேன். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து, ஹிஸ்டோகிராமில் கறுப்பு எத்தனை சதவீதம் என்று பார்த்தேன்.

30 கொடுத்த இடத்தில் 47 வந்திருந்தது. 50 கொடுத்தது 71. 70 கொடுத்தது 90. 80 கட்டம் 96, அதாவது கண்ணுக்கு முழுக் கறுப்பு. என் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க 80க்கு மேலேதான் இருந்தது, அடைக்காமல் என்ன செய்யும்?

இதைத் தலைகீழாக வாசித்தால் கர்வ் கிடைத்துவிடுகிறது. துணியில் 50 வேண்டுமென்றால் ஃபிலிமில் 32 கொடுக்க வேண்டும். 70 வேண்டுமென்றால் 49. 90க்கு 70. எவ்வளவு இருட்டாக இருந்தாலும் 80ஐத் தாண்டக் கூடாது. வெளிச்சப் பக்கம் 6க்குக் கீழே எதுவும் இல்லாமல், அதற்கும் கீழே போனால் துணியே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தப் புள்ளிகளை கர்வ்ஸில் வைத்து அதைச் சேமித்துக்கொண்டேன். படம் மானிட்டரில் பனி மூட்டத்தில் எடுத்தது போல வெளிறிப்போய்த் தெரிந்தது. அதைப் பார்த்து மனசு கேட்காமல் கொஞ்சம் இருட்டாக்கலாம் என்று கை போகும். போகவே கூடாது.

புள்ளி வடிவத்தையும் இந்த முறை நீள்வட்டமாக மாற்றினேன். வட்டப் புள்ளிகள் வளர்ந்து ஒன்றையொன்று தொடும்போது நாலு பக்கமும் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் சாம்பல் நிறம் சட்டென்று ஒரு படி தாவும். நீள்வட்டம் முதலில் நீளவாக்கில் ஒட்டும், அப்புறம் கொஞ்சம் தள்ளி அகலவாக்கில். தாவல் இரண்டாகப் பிரிந்துவிடுவதால் வீரனின் தோள் உருண்டையாகவே வந்தது. போட்டோஷாப்பில் படத்தை வெறும் கறுப்பு வெள்ளையாக்கும் பிட்மேப் மோடுக்குப் போகும்போது ஹாஃப்டோன் ஸ்கிரீன் பெட்டியில் ஒரே ஒரு தேர்வு, அவ்வளவுதான்.

இந்தப் புள்ளிக் கணக்கெல்லாம் பழைய சங்கதி. கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய், சத்யஜித் ராயின் தாத்தா, கோடு போட்ட கண்ணாடித் திரையை போட்டோ தட்டுக்கு எவ்வளவு தள்ளி வைத்தால் புள்ளி சரியாக விழும் என்பதைக் கணக்காகவே வகுக்க முயன்றவர். 1897 முதல் இங்கிலாந்தின் பென்ரோஸ் என்ற அச்சுக்கலை ஆண்டு மலரில் அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். ஸ்கேனரில் கட்டம் கட்டமாக எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் ஞாபகம் வந்தது. அவருக்கு எண்ணிச் சொல்ல ஹிஸ்டோகிராம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை இருந்தது. "எல்லாம் சரி, சாமிக்குக் கண்ணு எங்கடா?" என்று பெரியப்பா மூன்றாவது ஸ்கிரீனிலேயே கேட்டிருந்தார். கல்லில் கண் என்பது ஒரு மெல்லிய கீறல். 35 எல்பிஐயில் ஒரு புள்ளிக் கட்டம் 0.73 மில்லிமீட்டர், அதைவிட மெல்லிய கீறல் புள்ளிக்குள் கரைந்துவிடும். எல்பிஐயை ஏற்ற முடியாது. அதனால் கண், வாளின் விளிம்பு, அம்பின் தண்டு மூன்றையும் மட்டும் கல்லில் இருக்கும் கீறலின் மேலேயே தனி லேயரில் முழுக் கறுப்புக் கோடாக எடுத்து, புள்ளிப் படத்தின் மேல் வைத்தேன். புதிதாக ஒரு கோடுகூடச் சேர்க்கவில்லை. இருந்ததைக் காப்பாற்றியதோடு சரி.

நான்காவது ஸ்கிரீன் மஞ்சள் மெஷ். வெள்ளை மெஷ்ஷில் வெளிச்சம் இழை வழியாகச் சிதறிச் சின்னப் புள்ளிகளை அடியில் அரித்துவிடுகிறது, மஞ்சளில் அது குறைவு. வெளிச்சத்தில் இறுகுவதற்காக பைக்ரோமேட் தூள் போட்ட எமல்ஷனையும் விட்டுவிட்டேன். நம் ஊர் வெக்கையில் பூசிய ஸ்கிரீன் இருட்டிலேயே தானாக இறுகிப்போகிறது. அதோடு அந்த ஆரஞ்சுத் தூள் புற்றுநோய் வரவழைக்கும் குரோமியம், வெறுங்கையால் கலக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. டயஸோ வகை எமல்ஷனுக்கு மாறுங்கள், இல்லையென்றால் கையுறையாவது போடுங்கள்.

காலை ஆறரைக்கு ஆரம்பித்ததற்கும் காரணம் இருக்கிறது. பத்து மணிக்கு மேல் தருமபுரி வெயிலில் தண்ணீர் மை மெஷ்ஷிலேயே காய்ந்து, எட்டாவது பையில் நெற்றிப் புள்ளிகள் அடைத்துக்கொள்கின்றன. மையில் கொஞ்சம் கிளிசரின், ஒவ்வொரு பைக்குப் பிறகும் மையைப் பூசி மெஷ்ஷை மூடி வைப்பது, பத்துப் பைக்கு ஒரு முறை ஈரத் துணியால் அடிப்பக்கம் ஒற்றி எடுப்பது. அப்படியே 22 பை வந்தது. இருபத்துமூன்றாவதில் வெயில் ஏறிவிட்டது, நிறுத்திவிட்டேன்.

அடுத்து இரண்டு கலர் போட்டுப் பார்க்க வேண்டும். அடியில் மஞ்சள் நிறத்தைத் திட்டாக ஒரு ஸ்கிரீன், அதன் மேல் இந்தப் புள்ளிப் படம் கறுப்புக்குப் பதில் காவியில். மஞ்சள் ஈரமாக இருக்கும்போது மேல் மை எவ்வளவு பரவும் என்பதற்கு மறுபடியும் ஒன்பது கட்டச் சோதனை போட்டாக வேண்டும். காடாவும் ஈரோட்டிலிருந்து ஒரே தாகாவாக, அதாவது ஒரே துணிக்கட்டாக, மொத்தமாக வாங்கி வைக்கப் பார்க்கிறேன். துணி மாறினால் கர்வ் மாறிவிடுகிறது.

இன்னும் 38 பை பாக்கி. நாளை அஞ்சரைக்கே எழுந்து ஸ்கிரீனைக் கழுவி வைக்கச் சொல்லித் தம்பி மகனிடம் சொல்லியிருக்கிறேன். முதல் பையைப் பெரியப்பா திருப்பித் தரவில்லை. பூசைக்குத் தேங்காய் பழம் அதில்தான் போகும் என்கிறார்.