ஏரோட்ரோம் பலகைக்கு நாலு வரி

மார்ச் 9

காலை ஆறரைக்கே வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு எங்கள் செட்டிநாட்டுப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்தேன். விமானம் வந்து எத்தனையோ வருஷமானாலும் எங்களுக்கு அது ஏரோட்ரோம்தான். தளம் பெயர்ந்த இடத்தில் செம்புராங்கல் எட்டிப் பார்க்கிறது. நடுவில் ஆட்டுப் புழுக்கை, ஓரமெல்லாம் நெருஞ்சி. செருப்பில் ஏறிய முள்ளை எடுக்க மூன்று தடவை உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு பலகை வைக்கலாம் என்று நாங்கள் ஐந்து பேர் கிளம்பியிருக்கிறோம். வாசகம் எழுதும் வேலை என் தலையில்.

மார்ச் 11

‘இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அமைத்த விமானதளம்.’ எழுதிப் பார்த்தேன், சவசவ என்றிருக்கிறது. ஏன் அமைத்தார்கள் என்று வேண்டாமா? 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன், அந்தமான். ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, 6ஆம் தேதி விசாகப்பட்டினம், 9ஆம் தேதி திருகோணமலை. வங்கக் கடலே ஜப்பான்காரன் கைக்குப் போய்விடும் போலிருந்த நேரம். சூலூர், உளுந்தூர்பேட்டை, சோழவரம், கயத்தாறு என்று போர்க்காலத்துத் தளங்கள் நம் பக்கத்தில் நிறைய. சூலூரில் இன்றும் விமானப்படை இருக்கிறது. சோழவரத்தில் பிற்பாடு கார் பந்தயம் விட்டார்கள். நம்முடையதில் ஆடு.

மார்ச் 15

அப்பத்தாவுக்கு 93 வயது. பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) உட்கார்ந்து கொட்டான், அதாவது ஓலைக்கூடை, முடைந்துகொண்டிருந்தார்கள். ஏரோட்ரோம் பற்றிக் கேட்டேன்.

“பிளேன் சத்தம் கேட்டா நாங்கள்லாம் மாடிக்கு ஓடுவோம். அப்பச்சி மட்டும் எந்திரிச்சு உள்ளே போயிருவாக. நெல்லு மூட்டைக்குப் பின்னாடி போயி உக்காந்துக்குவாக. நம்ம ஊரு பிளேன்தான்னு ஆத்தா சொன்னாலும் கேக்கமாட்டாக.”

அப்பச்சி என்றால் அப்பத்தாவின் அப்பா. ரங்கூனில் கொண்டுவிற்ற, அதாவது வட்டித் தொழில் செய்த, ஆள். 1941 டிசம்பர் 23ல் அங்கே குண்டு விழுந்தபோது இருந்தவர். அப்புறம் மலை வழியாக நடந்தே வந்தார். கையில் ஒரே ஒரு பேரேடு.

“ஏரோட்ரோம் வந்ததும் பர்மா போனதும் ஒண்ணுதான்” என்றார்கள் அப்பத்தா. ஓலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் 16

அனுமதி கேட்ட கடிதம் ஏதோ ஒரு மேசையில் தூங்குகிறது. வெயில் வேறு.

மார்ச் 22

வாசகத்தில் பர்மாவும் வர வேண்டும் என்றேன். கூட்டத்தில் சண்டை. பர்மா எதற்கு, இது விமானதளத்துப் பலகை என்கிறார் நண்பர். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்டக் கால்வாசி விளைநிலம் வட்டித் தொழில் செய்த எங்கள் செட்டியார்கள் கையில் இருந்தது. (கடனுக்கு நிலத்தை விட்ட பர்மா விவசாயியைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார். அதிலும் நியாயம் உண்டு.) அந்தப் பணத்தில் வந்த தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டுதான் நண்பர் பேசினார். அதைப் பறித்த போர்தான் இந்த ஓடுதளத்தையும் போட்டது. சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

மார்ச் 24

பெயிண்டர் எழுத்துக் கணக்கில் காசு கேட்கிறார். பர்மாவை எடுத்தால் மூன்று எழுத்து மிச்சம் என்றார் நண்பர், விடாமல். அந்த மூன்றையும் என் பற்றில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.