தரையிலிருந்து எழுவது

சிசேரியன் ஆபரேஷனில் மகள் பிறந்து எட்டாம் நாள், திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து, பிள்ளை பெற்றவர்களை வீட்டில் கொண்டுவந்து விடும் 102 வண்டியில் ஊருக்கு வந்தோம். பேட்டை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒவ்வொரு வேகத்தடைக்கும் தலையணையை அடிவயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். இருமலோ தும்மலோ வந்தால் தையலுக்கு மேல் இப்படித் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று வார்டில் நர்ஸ் அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். பிள்ளை அம்மா மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

எங்கள் ஊர் வீரவநல்லூர் பக்கம். வீட்டுக்குள் நுழைந்தால் உள்அறையில் புதுப் பாய் விரித்திருந்தது. பத்தமடைப் பாய், அம்மா ஆசையாக வாங்கி வைத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இதில் எப்படி உட்காருவேன்? உட்கார்ந்தால் எப்படி எழுந்திருப்பேன்?

ஆஸ்பத்திரியில் இருந்தது கட்டில். ஒருக்களித்துப் படுத்து, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்துவிடலாம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே அப்படித்தான் எழுப்பி நடக்க வைத்தார்கள். நடக்காமல் கிடந்தால் காலில் ரத்தம் கட்டிவிடும் என்றார்கள். ஆனால் எங்கள் வீடுகளில் எல்லாமே தரைதான். படுப்பது தரையில், சாப்பிடுவது தரையில், துணி துவைப்பது, அரிவாள்மணையில் காய் நறுக்குவது, பீடி சுற்றுவது எல்லாம் தரையில். கக்கூசிலும் குத்தவைத்துத்தான் இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒவ்வொரு முறை எழும்போதும் முழு பாரமும் வயிற்றில்தான் விழுகிறது.

ஆபரேஷனில் வயிற்றுத் தசையை டாக்டர்கள் பெரும்பாலும் வெட்டுவதில்லை, இரண்டு பக்கமாக விலக்கித்தான் குழந்தையை எடுக்கிறார்கள். தசைக்கு மேல் கெட்டியான உறை ஒன்று இருக்கிறது. அதையும் கர்ப்பப்பையையும் வெட்டித் தைக்கிறார்கள். வெளித்தோல் ஒரு வாரத்தில் மூடிவிடுவதால், பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஆறிவிட்டதாகத் தெரிகிறது. உள்ளே ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். பக்கத்து வீட்டு அத்தை ஒருவர் பிள்ளையைப் பார்க்க வந்து, "ஊசியப் போட்டு எடுத்துட்டாவ, நீ என்ன நோவெடுத்தா பெத்த?" என்றார். அந்த வார்த்தை இரண்டு வருஷம் கழித்தும் எனக்குள் கிடக்கிறது.

அப்பா பக்கத்துத் தெருவிலிருந்து கயிற்றுக் கட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். படுத்தால் தொட்டில் மாதிரி குழிந்துவிட்டது. அதிலிருந்து எழுவது தரையை விடக் கஷ்டம். கடைசியில் இரண்டு மரப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, சுவரோடு ஒட்டி, மேலே ஜமுக்காளம் விரித்தார். நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் வாங்கி வந்து கக்கூசில் போட்டார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே அதைத் தெரு வழியாகத் தூக்கி வந்தது கண்ணிலேயே நிற்கிறது. எந்த மருந்தை விடவும் எனக்கு உதவியது அந்த நாற்காலிதான்.

தண்ணீருக்குத்தான் பெரிய சண்டை. "பச்சத் தண்ணி குடிச்சா வயிறு வச்சுரும்ட்டி" என்று ஆச்சி சொம்பை ஒளித்து வைத்துவிடுவாள். தண்ணீர் குறைந்ததும் மலம் இறுகிப்போனது. முக்கினால் தையலில் சுரீர் என்றது. ஆச்சியிடம் வாதம் செய்து பயனில்லை. சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர் என்றால் மருந்துக் கணக்கில் சேரும் என்று அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். நாளெல்லாம் அதையே குடித்தேன். நொச்சித் தழை போட்ட வெந்நீரை வயிற்றில் வீசி ஊற்ற வேண்டும் என்று ஆச்சி நின்றபோது மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இடுப்பிலும் முதுகிலும் ஊற்றட்டும், தையல் பக்கம் வரக்கூடாது என்றேன். ஆச்சிக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் முதுகில் அவள் ஊற்றிய வெந்நீர் சுகமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

நாற்பது நாள் கழித்து பீடி சுற்றச் சுளகை (முறத்தை) எடுத்தேன். அம்மா ஒருத்தி சுற்றும் பீடியில் வீடு ஓடாது. சம்மணம் போட்டு, மடியில் சுளகு வைத்ததும் அதன் விளிம்பு நேராகத் தழும்பில் வந்து நின்றது. தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருந்ததால் முதலில் வலி தெரியவில்லை. சாயங்காலம் எழுந்தபோதுதான் தெரிந்தது. மறுநாளிலிருந்து நான் முக்காலியில் உட்கார்ந்து, சுளகை எதிரே ஸ்டூலில் வைத்துக்கொண்டேன். பாதி வேகம்தான் வந்தது. சரி, பாதி போதும் என்று அம்மா சொன்னாள்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்குக் கிட்டத்தட்ட 45 ஆபரேஷன். எங்கள் தெருவிலும் பாதிக்குப் பாதி இருக்கும். வளைகாப்புக்கு அத்தனை சாதம் கட்டுகிறோம், வளையல் அடுக்குகிறோம். ஒரு கட்டிலுக்கும் நாற்காலிக்கும் யாரும் யோசிப்பதில்லை. சுகப்பிரசவம் ஆனாலும் அவை வீணாகப் போகாதே.

மதினிக்கு அடுத்த மாதம் தேதி சொல்லியிருக்கிறார்கள். நேற்று அந்தப் பெஞ்சுகளை வெளியே எடுத்துக் கழுவினேன். அவளை உட்கார வைத்துப் பார்த்தால் பாதம் தரையில் முழுசாகப் படியவில்லை, என்னை விட அவள் குள்ளம். இரண்டு அங்குலம் அறுக்க வேண்டும். ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.