பட்டுத்துணியில அடிச்ச பணம்: பீலஃபெல்ட்ல ஒரு நாள்

ஜெர்மனியில ஹனோவர்ல ட்ரெயின் ஏறுனா ஒரு மணி நேரத்துக்குள்ள பீலஃபெல்ட். "அப்படி ஒரு ஊரே கிடையாது"ன்னு 1994-ல இருந்து ஜெர்மன்காரங்க கலாய்ச்சிட்டே இருக்காங்களே, அதே ஊர்தான். நான் போனது துணிப்பணம் பாக்க.

1914-ல போர் ஆரம்பிச்சதும் ஆளாளுக்கு சில்லறையைப் பதுக்கிட்டாங்க, வேற வழியில்லாம நகராட்சி, கம்பெனின்னு அவங்கவங்களே சின்ன நோட்டு அடிச்சு விட்டாங்க, அதுதான் நோட்கெல்ட், அவசரப் பணம். அப்புறம் 1923 ஜனவரியில பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியோட ரூர் தொழில் பகுதிக்குள்ள படையோட நுழைஞ்சதும் அங்க அதை எதிர்த்து வேலையை நிறுத்துன தொழிலாளிங்களுக்கு அரசாங்கம் நோட்டு அடிச்சே சம்பளம் குடுத்துச்சு, ஏற்கனவே ஏறிட்டு இருந்த விலை கைமீறிப் போச்சு. நவம்பர்ல ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க், அதாவது அப்போதைய ஜெர்மன் பணம்! நாட்டோட மத்திய வங்கி ரைஷ்பாங்க் எவ்ளோ அடிச்சும் பத்தல, மறுபடி ஊர் ஊருக்கு சொந்த நோட்டு.

பீலஃபெல்ட் லினன் நெசவுக்குப் பேர்போன ஊராச்சே, சும்மா இருப்பாங்களா? இங்க இருந்த நகர சேமிப்பு வங்கி பட்டு, லினன், வெல்வெட்லயே நோட்டு போட்டுச்சு. பழைய நாணயம் விக்கிற கடையில ஒரு பெரியவர் பிளாஸ்டிக் உறையில இருந்து பட்டு நோட்டு ஒண்ணை எடுத்துக் காட்டுனாரு. ஓரத்துல லேஸ் வச்சுத் தைச்சிருக்கு, பார்டர் பூரா பொடி எழுத்துல வாசகம், நம்ம ஊர் கர்ச்சீப் மாதிரி வழுவழுன்னு இருக்கு. இதை எவன் கறிக்கடையில நீட்டுவான்?

யாரும் பெருசா நீட்டலதான். துணி நோட்டெல்லாம் முக்கியமா சேகரிக்கிறவங்களை மனசுல வச்சு அடிச்சது. வாங்குனவன் ஆல்பத்துல பூட்டி வச்சுட்டா வங்கி திருப்பி மார்க் குடுக்கவே வேணாம், வந்தது லாபம். செம கில்லாடித்தனம்னுதான் எனக்குத் தோணுது, என்ன, அதே சமயம் சம்பளம் வாங்குன கையோட கடைக்கு ஓடுன சனத்தை நினைச்சா லேசா கடுப்பாவும் இருக்கு.

1923 நவம்பர் 15-ல ரென்டன்மார்க்னு புதுப் பணம் வந்துச்சு, ஒரு லட்சம் கோடி பழைய மார்க்குக்கு ஒண்ணு. ஆட்டம் அடங்குச்சு.

பட்டு நோட்டு விலை கேட்டுட்டு மரியாதையா திருப்பிக் குடுத்துட்டேன். பக்கத்து டப்பாவுல சாதா காகித நோட்டு சில யூரோவுக்கே கிடைச்சுது, ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்னாடி வெத்து, அவ்ளோ அவசரம் அவங்களுக்கு. போறவங்க ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க, கடையெல்லாம் மூடியிருக்கும்.